பூட்டு இருக்கு சரி... லைட் இருக்கா?

'சைக்கிளைப் பூட்டினியா?'

டியூஷன் முடிந்து பிள்ளை வீட்டுக்குள் கால் வைத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தப்பே இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சைக்கிளாயிற்றே! ஆனால், 'பின்னால வர்ற வண்டிக்காரருக்கு நீ தெரியறியா?' என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு நாள் மாலை ஏழு மணி இருக்கும். தெருவில் கரண்ட் இல்லை. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த நான், கருநீல யூனிபார்மில் சைக்கிள் ஓட்டிப் போன ஒரு பெண்ணைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் போட்டு நின்றபோது நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. எனக்குக் கை கால் உதறிவிட்டது. அவள் சைக்கிளில் லைட் இல்லை, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் இல்லை. பூட்டு மட்டும் இரண்டு! "முன்னாடி ஒரு சைக்கிள் திருடு போயிடுச்சு ஆன்ட்டி. அதான் அப்பா ரெண்டு பூட்டு வாங்கித் தந்தாங்க" என்றாள்.

அந்த அப்பாவைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான். தொலைந்த சைக்கிள் கண்ணுக்குத் தெரிகிறது. தப்பிய உயிர் தெரிவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பிள்ளையைப் பார்த்து, டிரைவரின் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதனால் தூரத்திலேயே தெரிவதுதான் பாதுகாப்பு. முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், ரிப்ளெக்டர், வெளிர்நிறச் சட்டை... இவ்வளவு போதும்.

பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். சைக்கிளுக்கு வேண்டாம். அப்படியென்றால் பிள்ளைக்குச் சாலை விதி தெரியுமா என்று சோதித்துப் பார்க்க அதிகாரி யாரும் இல்லை. அந்த வேலை நம்முடையது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையோடு பள்ளி வரை கூடவே போய் வாருங்கள். இடது ஓரமாகப் போகிறதா? 'பக்கத்துலதானே' என்று எதிர்த்திசையில் நுழைகிறதா? திரும்பும் முன் பின்னால் பார்த்துக் கை காட்டுகிறதா? பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் புகுந்து போவது மகா ஆபத்து. பஸ் இடது பக்கம் ஒதுங்கினால் டிரைவருக்குப் பிள்ளை தெரியவே தெரியாது. பையை ஹேண்டில் பாரில் தொங்கவிடக் கூடாது. துப்பட்டாவைப் பின் குத்தி முடிந்துகொள்ள வேண்டும்.

சைக்கிளுக்கு ஹெல்மெட்டா என்று சிரிக்காதீர்கள். விபத்தில் சிக்கும் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஹெல்மெட் 63 முதல் 88 சதவீதம் வரை குறைக்கிறது என்று 1999-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது.

சரி, திருட்டுக்கும் வருவோம். சைக்கிளோடு வரும் பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். சங்கிலியை பிரேம், சக்கரம் இரண்டிலும் நுழைத்து, அசையாத ஒரு கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தட்டும். பிரேமில் பொறித்திருக்கும் நம்பரை இன்றைக்கே டைரியில் குறித்து, ரசீதையும் ஒரு போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். திருடு போனால் போலீசில் புகார் கொடுக்கும்போது, 'என் சைக்கிள்தான்' என்று நிரூபிக்க அவைதான் கைகொடுக்கும்.

இதையெல்லாம் சொல்வதால் பயந்துபோய், பிள்ளையிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கிவிடாதீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல உடற்பயிற்சி கிடைப்பது கஷ்டம்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை பிள்ளை கிளம்பும்போது வாசல் வரை வாருங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் சுழலக் கூடாது. லைட் எரிகிறதா பாருங்கள். அப்புறம் பூட்டைப் பற்றிக் கேளுங்கள்.

சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், இல்லையா?