பாதி ஆண்டு பூட்டிய கரை



விடுமுறை இதழுக்கான வேலை தொடங்கிவிட்டது என்பது உங்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ! அந்த வாரமே கடிதங்கள் வந்துவிடுகின்றன. “யாரும் போகாத கடற்கரையாக ஒன்று சொல்லுங்களேன், ஒரே நாளில் போய்வரும்படி, கடலுக்குள் மீன் பார்க்கிற மாதிரி.” மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை இடிபட்டவர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. எனக்குத்தான் சங்கடம். ஒரு சின்னக் கரையின் பெயரையும் வழியையும் அச்சிட்டுவிட்டால், அடுத்த விடுமுறைக்குள் அங்கே சிப்ஸ் பாக்கெட்டும் காலி பாட்டிலும் கரையொதுங்கிக் கிடக்கும். அதற்குக் காரணமாக இருக்க எனக்கு மனமில்லை.

அதனால் இந்த இதழில் ஒளிந்திருக்கும் கரை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பலருக்கும் தெரிந்த, ஆனால் நன்றாகக் காவல் காக்கப்படும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது வண்டூர். 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல் அது. பூங்காவுக்குள் 15 தீவுகள். அவற்றில் பயணிகளை இறக்கிவிடுவது முக்கியமாக இரண்டில்தான்: ஜாலி பாய், ரெட் ஸ்கின். அவையும் ஒரே காலத்தில் திறந்திருப்பதில்லை. மழை ஓய்ந்த மாதங்களில் ஜாலி பாய் திறந்திருக்கும். மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின்னைத் திறப்பார்கள். ஒன்று விருந்தாளிகளைக் கவனிக்கும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை நம் கோடைவாசத்தலங்கள் ஏன் யோசிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் படகு ஏற முடியாது. படகுத்துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கவர், தூக்கி எறியும் தண்ணீர் பாட்டில் எதையும் அனுமதிப்பதில்லை. தீவில் கடை கிடையாது, இரவு தங்கவும் முடியாது. எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை.

சதுப்புநிலக் காடுகளை ஒட்டி ஒரு மணி நேரம்போலப் படகு செல்லும். பெரிய படகு கரை வரை வராது, பவளத்தில் மோதிவிடும். கண்ணாடி அடித்தளம் உள்ள சிறு படகுக்கு மாற்றி இறக்குவார்கள். அதன் பிறகுதான் ஸ்நார்க்கெலிங், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பது. நீச்சல் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் உண்டு, மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துச் செல்வார். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு வாய்த்த வழிகாட்டித் தம்பி முகமூடிக் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவித் தந்தார். பனி படியாமல் இருக்க அதுதான் கைமருந்து. பிறகு, “மூக்கை மறந்துடுங்க சார், வாயால மூச்சு விடுங்க. என்ன ஆனாலும் கால மட்டும் ஊனாதீங்க” என்றார்.

கால் ஊன்றக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பவளப்பாறை என்று நாம் சொல்வது பாறை அல்ல. கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி உணவும் கொடுக்கிறது, நிறமும் கொடுக்கிறது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2010-இல் அந்தமான் பவளங்களுக்கு அது பெரிய அளவில் நேர்ந்தது. ஆகவே சுற்றுலா விளம்பரப் படங்களில் உள்ளதுபோல் எங்கும் வண்ணக்கோலம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சில இடங்கள் சாம்பல் நிறத்தில் கிடக்கும். பக்கத்திலேயே கடற்சாமந்தியின் உணர்கொம்புகளுக்கிடையே கோமாளி மீன் எட்டிப் பார்க்கும், கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற ஓசை தண்ணீருக்குள் நறநறவென்று கேட்கும். கொறித்த சுண்ணாம்பை அது மணலாகக் கழிக்கிறது. நாம் புகழ்ந்து படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீனின் கழிவு என்று சொன்னால் என் பேத்தி நம்ப மறுக்கிறாள்.

பவளம் அழிந்த கதையில் நம் கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று பள்ளியில் படித்திருப்போம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு இப்போது நீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தில் அலையைத் தடுக்கும் அரண் போய், தீவுகள் கரைந்தன. ஆகவே ஒரு துண்டு பவளத்தை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இன்னும் இரண்டு விஷயம். வண்டூர்ப் பக்கம் உவர்நீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல, அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். வெயிலுக்குக் கிரீம் பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சில கிரீம்களின் வேதிப்பொருள் பவளத்துக்கு ஆகாது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் அப்படிப்பட்டவற்றின் விற்பனையை 2021 முதல் தடுத்திருக்கிறது.

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் செருப்புக்கும் பைக்கும் காவலாக அம்மாவை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் தண்ணீருக்குள் ஓடுவது நம் வீட்டு வழக்கம். ஜாலி பாயில் அதற்கு அவசியமில்லை. வந்தவர்கள் எல்லோரும் படகில்தான் திரும்ப வேண்டியவர்கள். பை எங்கும் போய்விடாது. அம்மாவுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், இரண்டாவது முறையும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்