எரியாத வயிறும் புண்ணாகும்

எங்கட வீடுகளில அம்மம்மாமாருக்கு முழங்கால் நோ வந்தா நடக்கிற கதை எல்லாருக்கும் தெரியும். பேரன் மோட்டார் சைக்கிளில பார்மசிக்குப் போவான். துண்டு இல்லாமலே ஒரு கார்ட் டைக்லோபெனாக் வாங்கிட்டு வருவான். "சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்டும் செய்யாது. கனகாலமா போடுறா, ஒருநாளும் வயிறு எரிஞ்சதில்ல" எண்டு வீடே சொல்லும்.

எரியல்ல எண்டது நல்ல சாட்சி இல்ல. வயசான வயிறு, சத்தம் போடாமலே புண்ணாகும்.

வயிறு எண்டாலே நாம அமிலத்தையும் கொச்சிக்காய்த்தூளையும்தான் குற்றம் சொல்லுறம். ஆனா இளம் வயிற்றிலயும் அமிலம் இருக்கு, அதுவும் நாளாந்தம் காயப்படுது. வித்தியாசம், திருத்துற வேகத்தில இருக்கு. வயிற்றின் உட்சுவரில் சின்னக் காயம் பட்டால், பக்கத்திலுள்ள கலங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடுகின்றன. பிறகு புதிய கலங்கள் பிறக்கின்றன. இதற்குக் கட்டளை கொடுப்பவை வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள்.

அவற்றில் ஒன்று எங்கட எச்சிலிலேயே இருக்கு. ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். இரண்டு வாரமளவில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. அதற்குக் காரணமான மேற்றோல் வளர்ச்சிக் காரணியை 1962இல் பிரித்தெடுத்தார். 1986இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வயிற்றுக் கலங்களின் மேலும் இந்தக் காரணி வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு.

வயசு போனா இந்தக் கட்டளை குறைஞ்சு போகுது எண்டுதான் நாம நினைப்பம். அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆதிப் மஜும்தார் குழு எலிகளில் கண்டது வேறு. கிழட்டு எலியின் வயிற்றில் அந்த ஏற்பிகள் சும்மா இருக்கும்போதே அதிகம் வேலை செய்தன. ஆனால் உண்மையாகக் காயம் பட்டபோது, இளம் எலியில் போல அவை மேலும் எழும்பவில்லை. படுவான்கரையில வயலுக்குக் காவல் இருக்கிறவங்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு இரவும் சும்மா சும்மா யானை வெடி போட்டா, யானை வந்த அண்டைக்கு ஆரும் எழும்ப மாட்டாங்க.

இதோடு, உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களும் வயசோடு குறைகின்றன. டைக்லோபெனாக், இபுபுரூபன் போன்ற குளிசைகள் மிச்சத்தையும் தடுக்கின்றன. நோவை மறைப்பதும் அதே குளிசைதான். அதனால் பல முதியவர்களுக்கு முதல் அறிகுறியே இரத்தக் கசிவு: தார் போலக் கறுத்த மலம், தலைச்சுற்று, காரணம் தெரியாத களைப்பு. அப்பிடி எண்டா விடியும் வரைக்கும் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வந்து கிளினிக்கில வரிசையில நிண்டா ஒரு நாள் போயிடும். அதனால கார்ட் வாங்கிப் போடுற அம்மம்மாவை நான் குறை சொல்லல்ல. கேள்வி, வாங்கிக் குடுக்கிற எங்களுக்கும் விற்கிறவங்களுக்கும்தான். குளிசை ஆருக்கு, அவவுக்கு என்ன வயசு எண்டு கேட்க ஒரு நிமிசம் போதும்.

மறுகா என்ன செய்யலாம்? நோவுக்கு முதலில் அளவோடு பரசிற்றமோல், பூசுற ஜெல் போதுமா எண்டு டொக்டரிட்டக் கேளுங்க. அந்தக் குளிசை வேணும் எண்டே சொன்னா, வயிற்றைக் காக்க ஒமிப்ரசோல் தேவையா எண்டும் கேளுங்க. இருதயத்துக்கு அஸ்பிரின் போடுறவ எண்டா ஆபத்து இன்னும் கூட. அதுக்காக அஸ்பிரினை நீங்களா நிப்பாட்டவும் கூடாது.

அடுத்த முறை பார்மசிக்குப் போகக்குள்ள அம்மம்மாட கிளினிக் கொப்பியையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க கேட்காட்டியும் வயசை நீங்களே சொல்லுங்க.