பூட்டும் சாவியும் போதாது

நொதி, அதாவது என்சைம் என்றதும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூட்டும் சாவியும்தான். 1894ல் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் பிஷர் சொன்ன உவமை அது. நொதி ஒரு பூட்டு, அதில் சரியாகப் பொருந்தும் பொருள்தான் சாவி. பரீட்சையில் எழுத எளிது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அதோடு பாடத்தை முடித்துக்கொள்வது சரிதானா?

பூட்டு அசையாது, நொதியோ அசையும். தன்னிடம் வந்து ஒட்டும் பொருளுக்கு ஏற்ப நொதி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்று 1958ல் அமெரிக்க விஞ்ஞானி டேனியல் கோஷ்லண்ட் எடுத்துக்காட்டினார். கை நுழைந்ததும் கையுறை வடிவம் கொள்கிறதே, அதுபோல.

இதற்கு மிக நல்ல உதாரணம் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் மீனவர்களின் வலையில் கிடக்கிறது. ஆம், நண்டுதான்!

வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வரும்போது தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். கோடையில் மறுபடி ஏறும். தண்ணீரில் உப்பு குறைந்தால் நண்டின் உடம்பிலுள்ள உப்பு வெளியே கசியும். இழந்ததை மீட்பது அதன் செவுள்களின் வேலை. அங்கே ஓயாமல் இயங்கும் நொதிக்கு சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்று பெயர்.

இந்தப் பம்ப் முதலில் செல்லின் உட்புறம் வாய் திறந்து மூன்று சோடியம் அயனிகளைப் பிடிக்கிறது. ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது. உள்வாய் மூடி வெளிவாய் திறக்க, சோடியம் வெளியேறுகிறது. பிறகு இரண்டு பொட்டாசியம் ஒட்டுகின்றன, பாஸ்பேட் கழன்றுவிடுகிறது, பம்ப் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. இப்படி நண்டின் இரத்தத்துக்குள் சோடியம் தள்ளப்பட்டு, செல்லுக்குள் அது குறையக் குறைய, ஏரித் தண்ணீரிலிருந்து புதிய சோடியம் செல்லுக்குள் வருகிறது.

1957ல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ இந்த நொதியைக் கண்டுபிடித்ததும் கடற்கரை நண்டின் கால் நரம்புகளில்தான். அதற்காக 1997ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனித உடலிலும் இதே பம்ப் உண்டு. டிகாக்சின் என்ற இதய மருந்து இதில் ஒட்டி, ஒரு வடிவத்திலேயே நிறுத்தி வைக்கிறது. அரளியின் நஞ்சு தாக்குவதும் இதே இடத்தைத்தான். இதயத்தில் பாஸ்போலெம்மன் என்ற சின்னஞ்சிறு கூட்டாளிப் புரதம் பம்போடு சேர்ந்து, அதன் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அளவோடு கொடுத்தால் மருந்து, மீறினால் விஷம் என்பதைப் பூட்டு உவமையால் விளக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. இந்த வடிவமாற்றம் இலவசமல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. செலவாகிறது. உப்பை மீட்கச் செலவாகும் ஆற்றல் நண்டு வளரச் செலவாகாது. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறைகிறது. முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்பதில் படகுக்கு வழி மட்டுமல்ல, ஏரி உயிர்களின் வரவு செலவுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. நொதியை அசையும் பொருளாகப் படித்தவருக்கே இது புரியும்.

பிஷரின் உவமையைத் தூக்கி எறியத் தேவையில்லை. முதல் படியாக அது இருக்கட்டும். ஆனால் ஏரியில் உப்பு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று வீட்டிலேயே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, வகுப்பறையில் வெறும் பூட்டை மட்டும் காட்டுவது அநியாயம். அவர்களுக்கு நண்டின் செவுளிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். அறிவியல் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சங்கதி அல்ல, தங்கள் ஏரியில் நடப்பது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.