காலம் தாழ்ந்த கௌரவம்

அமெரிக்க தேசத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையில் முதன்மையாகத் தேறியவர்களுக்கும் பந்தாட்டத்தில் ஜயித்தவர்களுக்கும் பரிசு கொடுப்பது போலவே, பல இனத்தாரும் பல மதத்தாரும் சமமாக வாழ்வதற்கு உழைத்த மாணாக்கருக்கும், சமூக நீதிக்காகப் பாடுபட்ட மாணாக்கருக்கும் விருது வழங்குகிறார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் இவ்விருதுகளின் பெறுமானத்தை எந்தத் தராசில் நிறுப்பது? டென்னெஸ்ஸி மாகாணத்து நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

அச்சரித்திரத்தில் நம் பாரத தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஜேம்ஸ் லாஸன் என்ற கறுப்பு இன இளைஞர், யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் சட்டத்துக்கு இணங்க மறுத்துச் சிறை புகுந்தவர். விடுதலையான பின், 1953-ம் வருஷத்தில் மெதடிஸ்ட் மிஷன் சார்பில் நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கலாசாலையில் பணி புரிந்தார். மகாத்மா காந்தியின் சத்தியாக்கிரக முறையை அங்கேயே ஊன்றிக் கற்றார். மான்ட்கொமரி நகரத்துக் கறுப்பு இன மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்த செய்தியை அவர் 1955-ம் வருஷக் கடைசியில் படித்ததும் நாகபுரிப் பத்திரிகை ஒன்றிலேதான். தாயகம் திரும்பிய பின், 1957-ல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தாமதியாமல் தென் மாகாணங்களுக்கு வந்துவிடும்படி கிங் வற்புறுத்தவே, நாஷ்வில் சென்று, வாண்டர்பில்டில் வேத சாஸ்திர மாணாக்கராகச் சேர்ந்தார்.

அந்நகரத்துப் பெரிய கடைகளில் ஒரு விநோதமான தர்மம் நிலவிற்று. கறுப்பு இனத்தவர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் காப்பி கேட்டால் கிடையாது! லாஸன், மாதா கோயில் ஒன்றில் மாணாக்கரைக் கூட்டிப் பயிற்சி அளித்தார். ஒருவர் வையவும் தள்ளவும், மற்றவர் கை ஓங்காமல் பொறுத்துக்கொள்ளவும் பழகினார்கள். டயேன் நாஷ் என்ற மாணவியும், பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினராக விளங்கிய ஜான் லூயிஸும் அவர்களிற் சேர்ந்தவர்கள்.

1960-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. மாணாக்கர் நல்லுடை உடுத்து, பாடப் புஸ்தகங்களுடன் சென்று அமைதியாக அமர்ந்தனர். இரண்டு வாரங்களுக்குள் அவர்கள்மேல் அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட மாணாக்கரில் ஏறக்குறைய 80 பேரைப் போலீஸார் கைது செய்தனர். அப்பொழுது சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்கள் செய்தது என்ன? மார்ச்சு 3-ந் தேதி லாஸனை நீக்கிவிட்டார்கள்! சட்டத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. இதைக் கண்டித்து வேத சாஸ்திரப் பேராசிரியர்கள் பலர் ராஜிநாமாக் கொடுத்தது அக்கலாசாலைக்கு அன்று எஞ்சிய மானம். லாஸன் பாஸ்டன் சென்று பட்டம் பெற்றார். மே 10-ந் தேதி நாஷ்வில் கடைகள் கறுப்பு இனத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கின.

வருஷங்கள் உருண்டன. 2005-ல் வாண்டர்பில்ட், தான் நீக்கிய அதே லாஸனைத் தன் சிறந்த பழைய மாணாக்கராகத் தேர்ந்து கௌரவித்தது. மறு வருஷம் பேராசிரியராக வரவேற்றது. பின்னர் அவர் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியையும் ஏற்படுத்திற்று. அவர் 2024-ல் தமது 95-ம் வயதில் காலமானார். அதே நகரத்தில், 1961-ல் பஸ் பிரயாணச் சத்தியாக்கிரகத்திற் கலந்துகொண்டதற்காக டென்னெஸ்ஸி மாகாணச் சர்வகலாசாலை 14 மாணாக்கரை நீக்கியது. 2008-ல் அவர்களுக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. சிலர் அதைப் பெற உயிருடன் இல்லை.

பிழையை உணர்ந்து திருத்திக்கொள்வது பெருமையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருஷம் கழித்துச் சூட்டும் மாலைக்கு ஆகும் செலவு சொற்பம். அடிபட்டு, கைதாகி, நகரத்துப் பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கும் வேளையில், "இவன் எங்கள் மாணாக்கன்" என்று சொல்வதற்கு ஆகும் செலவே பெரிது. அன்று அதைச் செலுத்தியவர்கள் வேலையைத் துறக்கத் துணிந்த பேராசிரியர்களே. விருதுகளோ காற்று வீசும் திசையில் சாய்பவை. 2023-ல் டெக்ஸாஸ் மாகாணச் சட்டசபை, பல இனத்தாரையும் அரவணைப்பதற்கென்று அரசாங்கச் சர்வகலாசாலைகளில் நடந்த காரியாலயங்களை மூடும்படி சட்டம் செய்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சட்டத்தினால் மூடக்கூடியதன் மேல் மட்டும் நீதியை ஏற்றிவைத்தால், அது நெடுநாள் நில்லாது.

ஆகவே, ஒரு கலாசாலை எத்தனை விருது அளிக்கிறது என்று கேட்பதை விட, அசௌகரியமான உண்மையைச் சொல்லும் மாணாக்கனை அது இன்று எப்படி நடத்துகிறது என்று கேட்பதே பொருத்தம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கும், பிள்ளைகளைப் பெற்ற நேயர்களுக்கும் இதே கேள்வி உண்டு. வகுப்பில் ஒதுக்கப்பட்ட பையன் பக்கத்தில் போய் உட்காரும் பிள்ளையை, "உனக்கேன் இந்த வம்பு?" என்று நாம் அதட்டாமலிருந்தால் போதும், அதைவிட உயர்ந்த பரிசு வேறொன்றும் வேண்டுவதில்லை.