ஏழு தலைமுறைச் சொத்து

பெரியாழ்வார் அருளிய திருப்பல்லாண்டில் பன்னிரண்டு பாசுரங்கள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் தொடக்கமே இதுதான். கோஷ்டியில் நாம் வாய்ப்பழக்கமாகச் சேவித்துவிடும் இப்பாசுரங்களுள் ஆறாவதை இவ்வாரம் சற்று நிதானமாகக் காண்போம். பரம்பரை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அடியேனுக்கு நினைவில் எழுவது இதுவே.

பொருள் எளியது. தந்தை, அவருக்குத் தந்தை, அவருக்கும் தந்தை என்று மேலே மேலே ஏறி, ஏழு தலைமுறையாக முறைப்படி அடிமை செய்து வருகிறோம். திருவோணத் திருநாளின் அந்திப்பொழுதில் நரசிங்க உருவெடுத்துப் பகைவனை அழித்த பெருமானுக்கு, அந்த இளைப்புத் தீரும்படி பல்லாண்டு பாடுவோம் என்கிறார்கள். தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை; அவனுடைய களைப்பைப் பற்றியே கவலை!

'என்கிறார்கள்' என்று பன்மையில் எழுதக் காரணம் உண்டு. முந்தைய மூன்று பாசுரங்களில் ஆழ்வார் மூவகையாரை அழைக்கிறார்: பகவானையே வேண்டுவோர், கைவல்யத்தை வேண்டுவோர், செல்வத்தை வேண்டுவோர். அழைப்பை ஏற்று முதலில் வந்து சேர்பவர்கள் பகவானையே வேண்டுவோர். அவர்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் சொல்லே ஆறாம் பாசுரம்.

அந்த அறிமுகத்தில் ஒரு விந்தை. தர்ப்பணத்தில் பிதா, பிதாமஹர், பிரபிதாமஹர் என மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்கிறோம். அதற்கு மேல் கேட்டால் பலரும் விழிப்போம். இவர்களோ ஏழு தலைமுறை ஏறியும் ஒரு பெயரும் சொல்லவில்லை. ஊர், கோத்திரம், நிலம், பட்டம் எதுவுமில்லை. செய்த தொண்டு ஒன்றே சொல்லப்படுகிறது. அதிலும், முன்னோர் செய்தார்கள், நாங்கள் செய்கிறோம் என்று பிரிக்கவில்லை. ஏழு தலைமுறையும் ஒரே நிகழ்காலப் பன்மையில் அடங்கிவிடுகிறது. மறைந்தவர்களும் அதே கோஷ்டியில்தான் நிற்கிறார்கள்.

வங்கியில் இறந்தவர் கணக்கைத் தீர்க்கும் மனுக்களைப் பல்லாண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாமினியாகப் பெயர் உள்ளவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர் உடைமையாளர் அல்லர், உரிய வாரிசுகளுக்காகப் பெற்று வைத்திருப்பவரே. இதைப் புரிய வைப்பதற்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆறாம் பாசுரத்து அடியார்களோ தம்மை நாமினியாகவே எண்ணுகிறார்கள். தொண்டு அவர்கள் கைக்கு வந்தது, அவர்களுடையது அன்று.

"பிள்ளை வெளிநாட்டில். பேரனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. எங்கள் வீட்டுத் திருவாராதனம் என்னோடு முடிந்துவிடுமோ?" என்ற கவலை இதைப் படிக்கும் பலருக்கு இருக்கும். பிள்ளைப்பேறே வாய்க்காதவர்களின் ஏக்கம் இன்னும் ஆழமானது. அவர்கள் ஐந்தாம் பாசுரத்தையும் சேர்த்துச் சேவிக்க வேண்டும். செல்வம் வேண்டுவோரை அழைக்கும் அப்பாசுரத்தில், பழைய குலத்தைத் தவிர்த்துவிட்டு வாருங்கள் என்கிறார் ஆழ்வார். அடுத்த பாசுரத்திலேயே ஏழு தலைமுறைப் பெருமை! முரண் போலத் தோன்றும். பரம்பரை என்று அவர் கருதுவது இரத்த வழியை மட்டும் அன்று என்று கொண்டால் முரண் தீர்ந்துவிடும் என்பது அடியேன் துணிபு. இன்று வந்து சேர்ந்தவனுக்கும் அந்த ஏழு தலைமுறை சொந்தம். பக்கத்து வீட்டுச் சிறுமி ஆவலோடு வந்து அமர்ந்தால் அவளுக்குச் சந்தை சொல்லிக் கொடுக்கலாமே.

ஆழ்வாரின் வாழ்வும் இதற்குச் சான்று. ஆண்டாள் அவர் பெற்ற மகள் அல்லள். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்துத் துளசியின் அடியில் கிடைத்தவள். அவளையும் அரங்கனுக்கே கொடுத்துவிட்டுத் தனியே ஊர் திரும்பியவர் அவர். ஆயினும், அவ்வூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருமலைப் பிரம்மோத்ஸவத்தின் கருட சேவைக்கும், சித்திரையில் மதுரை எழுந்தருளும் கள்ளழகருக்கும் ஆண்டுதோறும் சென்றுகொண்டிருக்கிறது.

ஏழாம் பாசுரத்தில் வந்து சேர்பவர்களை அடுத்த வாரம் காண்போம்.