காப்பி வறுவலைக் கைவிட்டால் கடைக்கு என்ன மிச்சம்?



மளிகைக் கடையில் நாம் விற்கும் சரக்குகளில் பெரும்பாலானவை வந்தபடியே போகின்றவை. பருப்பு மூட்டையில் வருகிறது, எடை போட்டுக் கொடுக்கிறோம். எண்ணெய் டின்னில் வருகிறது, சோப்பு பெட்டியில் வருகிறது. கடைக்காரரின் கைத்திறன் சேர்ந்து வெளியே போகும் சரக்கு என்று ஒன்று உண்டென்றால் அது காப்பித் தூள்தான். பச்சைக் கொட்டையை வாங்கி, வறுத்து, வாடிக்கையாளர் கேட்கும் கலவையில் கண் முன்னே அரைத்துக் கொடுக்கும் கடைக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

ஆனால் வறுவல் தெரிந்த ஆட்கள் நம் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கடைகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய ஆள் ஓய்ந்து போனால் அந்த இடத்துக்குப் புதிய ஆள் வருவதில்லை. முதலாளியின் பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விடுகிறார்கள். வறுவல் மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கம்பெனி பாக்கெட்டைத் தொங்கவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவி வருகிறது. இது சரியான வழி அல்ல என்பது நம் கருத்து.

நாம் மொத்த வியாபாரிகள். வறுக்கத் தெரிந்த கடைகள் இருந்தால்தான் கொட்டை விற்கும். ஆகவே இதில் நமக்கும் லாபம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் சில்லறைக் கடைக்காரருக்கு இதில் உள்ள லாபம் அதைவிடப் பெரிது.

சந்தை திறந்தது, பொறுப்பும் வந்தது

1942-ம் ஆண்டுச் சட்டப்படி, தோட்டக்காரர் தம் காப்பியைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்ற முறை நெடுங்காலம் இருந்தது. போர்டு தரம் பிரித்து ஏலம் விடும்; வியாபாரி ஏலத்தில் எடுப்பார். 1992-க்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முழுவதும் நீங்கியது. இன்று பட்டிவீரன்பட்டிக்கோ போடிக்கோ போய் நாமே பார்த்து வாங்கலாம்.

இது நல்லதுதான். ஆனால் முன்பு தரம் பார்க்கும் வேலையை ஒரு நிறுவனம் நமக்காகச் செய்தது. இப்போது அந்தக் கண் நமக்கே வேண்டும். பிளாண்டேஷன் ஏ என்றால் என்ன, பீபரி என்றால் என்ன, பழத்தோடு உலர்த்திய செர்ரிக்கும் கழுவிப் பதப்படுத்திய கொட்டைக்கும் என்ன வேறுபாடு, புதுச் சரக்கின் நீலம் கலந்த பச்சை நிறம் எது, இருப்பில் கிடந்து வெளுத்த நிறம் எது என்பதெல்லாம் தெரியாமல் வாங்குகிறவர் விலை கொடுத்து ஏமாறுவார்.

இந்தியாவின் காப்பி விளைச்சலில் கர்நாடகம் சுமார் 70 சதவீதத்தைக் கொடுக்கிறது. கேரளாவுக்கு அடுத்தபடியாக மூன்றாவது இடத்தில் இருக்கிறது நம் தமிழ்நாடு. 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு ஆகிய ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மாநிலக் காப்பி ஒன்றும் இல்லை. தாண்டிக்குடியும் சிறுமலையும் ஏற்காடும் நம் பக்கத்தில் இருந்தும், அந்தக் கொட்டையின் பெயரைச் சொல்லி விற்கும் கடைகள் மிகச் சிலவே. பெயர் சொல்லி விற்க வேண்டுமானால் அதை ஒழுங்காக வறுக்கத் தெரிய வேண்டும்.

பதம் என்பது என்ன?

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கும். சூடேறிய உருளையில் கொட்டியதும் முதலில் அந்த ஈரம் போகும். பச்சை மாறி வைக்கோல் நிறம் வரும். அப்போது வாசனையும் நனைந்த வைக்கோல் போலத்தான் இருக்கும். பிறகு பழுப்பு ஏறும். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் கொட்டை படபடவென்று பொரியும். இதுதான் முதல் பொரி. அதற்கு மேல் விட்டால் 225 டிகிரியை ஒட்டி மெல்லிய ஓசையோடு இரண்டாம் பொரி வரும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும். இதையும் தாண்டினால் கரிதான்.

நம் பில்டர் காப்பிக்கு வேண்டிய பதம் இந்த இரண்டு பொரிகளுக்கும் நடுவில், இரண்டாவதை நெருங்கிய இடத்தில் இருக்கிறது. அங்கே சில விநாடிகளே வித்தியாசம். கண் நிறத்தைப் பார்க்க வேண்டும், காது ஓசையைக் கேட்க வேண்டும், மூக்கு புகையை அறிய வேண்டும். இறக்கிய பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வேகும் என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே தட்டில் கொட்டி, காற்றுக் கொடுத்துக் கிளறி ஆற்ற வேண்டும். எடை கூடட்டும் என்று தண்ணீரைத் தாராளமாகத் தெளிப்பவர்கள் உண்டு. கூடிய எடை அன்றைக்கு லாபம். மணம் போன தூளால் வாடிக்கை போவது நிரந்தர நஷ்டம்.

பெரிய கொட்டையையும் சின்னக் கொட்டையையும் ஒரே ஈட்டில் போடக் கூடாது. சின்னது கருகும், பெரியது உள்ளே வேகாது. அராபிகாவையும் ரொபஸ்டாவையும் தனித்தனியாக வறுத்துப் பிறகு கலப்பதே நல்லது. உருளையை நிரம்பப் போடக் கூடாது. கொட்டை வறுபடும்போது ஒன்றரை மடங்குக்கு மேலும் உப்பும். வறுத்த சூட்டோடு அரைத்துப் பொட்டலம் கட்டக் கூடாது. கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், பொட்டலம் உப்பிக்கொள்ளும். இன்னொன்று, காப்பி மூட்டையை வத்தல், பெருங்காயம், சோப்பு இவற்றின் பக்கத்தில் அடுக்கக் கூடாது. காப்பி பிற வாடையை எளிதில் இழுத்துக்கொள்ளும்.

கணக்குத் தெரிய வேண்டும்

வறுவல் தெரியாதவர் கணக்கிலும் தவறுவார். ஓர் உதாரணத்துக்குக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ 5,000 ரூபாய். நடுத்தர வறுவலில் 8 கிலோ 250 கிராம் மிஞ்சினால், வறுத்த கொட்டையின் அடக்கம் கிலோ 606 ரூபாய். பதம் தப்பிக் கருவறுவலாகி 8 கிலோதான் மிஞ்சியது என்றால் அடக்கம் 625 ரூபாய். கிலோவுக்கு 19 ரூபாய் புகையாகப் போய்விட்டது. இதோடு எரிபொருள், கரண்ட், கூலி, அரைவையில் போகும் கழிவு எல்லாம் சேர வேண்டும். ஐந்நூறுக்கு வாங்கினோம், அறுநூறுக்கு விற்றோம், நூறு லாபம் என்று நினைக்கிறவர் நஷ்டத்தில் வியாபாரம் செய்கிறார் என்று அர்த்தம்.

சிக்கரியை மறைக்க வேண்டாம்

விலை ஏறும்போதெல்லாம் சிக்கரியின் பங்கும் ஓசையில்லாமல் ஏறுவதைக் காண்கிறோம். பிரேசில், வியட்நாம் வறட்சியை ஒட்டி 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகாவின் விலை 1977-ல் தொட்ட உச்சத்தையும் தாண்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் கை நீளத்தான் செய்யும்.

சிக்கரி தப்பான சரக்கு அல்ல. டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கிறது. நம் ஜனங்களுக்கு அந்த ருசி பழகிவிட்டது. சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காப்பி எத்தனை, சிக்கரி எத்தனை என்று பொட்டலத்தின் மேல் போட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி நிறத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்கும். வீட்டில் இருக்கும் பெண்மணிகளுக்கு இது தெரியும். கேட்டதைக் கேட்ட அளவில் கண் முன்னே கலந்து கொடுப்பதுதான் அரைவைக் கடையின் பலம். அதை நாமே கெடுத்துக்கொண்டால் பாக்கெட்டுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

மிஷின் இருக்கிறதே?

சூடு காட்டும் மீட்டரும் தானாக நிற்கும் டைமரும் உள்ள மிஷின்கள் வந்துவிட்டன, ஆள் எதற்கு என்று இளைய வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நல்ல மிஷின் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் கோத்த கொட்டைக்கும் கோடையில் உலர்ந்த கொட்டைக்கும் ஒரே நேரம் வைத்தால் ஒரே பதம் வராது. மீட்டர் சூட்டைச் சொல்லும். இன்றைய சரக்கு எப்படிப்பட்டது என்பதைப் பார்த்து நேரத்தை மாற்ற ஆள்தான் வேண்டும்.

பாக்கெட் போதாதா என்றால், பாக்கெட்டை எல்லோரும் விற்கலாம். சூப்பர் மார்க்கெட் விற்கலாம், போனில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவருகிறவர்கள் விற்கலாம். அவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்குக் கிடைக்காது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அரைத்த தூளும் அப்படித்தான், நாளாக நாளாக மணம் இறங்கும். இன்று வறுத்ததை இன்று கொடுப்பது பக்கத்துத் தெருக் கடையால் மட்டுமே முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வறுவல் தெரிந்த மூத்த ஆட்கள் இருக்கும் கடைகள் ஆளுக்கு இரண்டு இளைஞர்களைச் சம்பளத்தோடு சேர்த்துப் பழக்க வேண்டும். முதல் மாதம் கொட்டை பொறுக்குவதும் தரம் பிரிப்பதும், பிறகு ஆற்றும் தட்டு, அதற்கும் பிறகே உருளை என்று படிப்படியாகப் பழக்குவது நல்லது.

இரண்டாவது, ஒவ்வொரு ஈட்டுக்கும் நோட்டுப் போட வேண்டும். கொட்டையின் தரம், போட்ட எடை, பொரிந்த நேரம், இறக்கிய நேரம், மிஞ்சிய எடை இவற்றை எழுதி வைத்தால், ஆள் போனாலும் அனுபவம் கடையிலேயே இருக்கும்.

மூன்றாவது, காப்பி போர்டு பெங்களூரில் காப்பி சாஸ்திரா என்ற பெயரில் வறுவல், கலவை பற்றிப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. தாண்டிக்குடியில் போர்டின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. தனித்தனியாகப் போக வசதியில்லாத சிறு வியாபாரிகளுக்காக, அந்தப் பயிற்சியை மதுரைப் பக்கம் தமிழிலேயே நடத்தும்படி சங்கம் கேட்க வேண்டும். தராசு, லைசென்ஸ், வரி என்று எத்தனையோ விஷயங்களுக்கு மனுக் கொடுக்கிறோம். தொழிலைக் கற்றுக்கொடுங்கள் என்றும் ஒரு மனுக் கொடுப்போம்.

உறுப்பினர்கள் தங்கள் கடையில் வறுவல் தெரிந்தவர் யார், அவருக்குப் பின் யார் என்பதை இந்த மாதமே யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத கடைகளின் பட்டியலைச் சங்கம் எடுத்தால், வேலையை எங்கே தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.