மையம் மலையேற வேண்டும்

துணை மருத்துவத் தொழில்களைச் சேர்ந்த படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. 2021-இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இதற்கு அடிப்படை. உளவியல், நுண்ணுயிரியல், உணவு - ஊட்டச்சத்து அறிவியல் என்று பாடங்களின் பெயரைச் சொல்லியே தடை வந்திருக்கிறது. அப்படியானால் நலக்கல்வியை வீட்டிலிருந்தபடி படிக்கிற காலமும் முடிந்ததா என்ற கவலை நம் துறையில் எழுவது இயல்புதான்.

தடையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு எவ்வளவு பொட்டாசியம் தாங்கும் என்று கணக்கிட்டு உணவு சொல்பவர், வார்டில் நின்று பழகியவராகத்தான் இருக்க வேண்டும். தபாலில் வந்த புத்தகம் அதற்குப் போதாது. நலக்கல்வியாளர் பழக வேண்டிய இடங்களோ வீட்டுத் திண்ணை, அங்கன்வாடி, ரேஷன் கடை வரிசை, சந்தை. எந்தக் கல்லூரி வளாகத்திலும் இவை கிடையாது.

கொல்லிமலையைப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் சோளக்காட்டுக்கும் செம்மேட்டுக்கும் போக வேண்டும். மேலே வளப்பூர் நாடு, ஆரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு லாரியேறிக் கீழே சேகோ ஆலைக்குப் போகிறது. வீட்டு அடுப்புக்கு ரேஷன் அரிசி வருகிறது. இங்கே சிறுதானியங்களை மீட்க முனைந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. சாமையை உரலில் போட்டுக் குத்திப் புடைப்பதற்குள் பெண்களின் தோள் இற்றுப்போகும். அந்தப் பாடு தெரியாமல் “சாமை சாப்பிடுங்கள், சத்து” என்று சுவரொட்டி ஒட்டுவது நலக்கல்வி ஆகாது.

இரத்தசோகையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மாத்திரை கொடுக்காத ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை. ஆனால் வாங்கிய மாத்திரையெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது, பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்ற பயங்கள் நம் களப்பணியாளர்கள் எல்லோரும் கேட்டவை. “அது மாத்திரையோட நிறம்தான் அக்கா, பயப்படாதீங்க, ராத்திரி சாப்பிட்டுட்டுப் போட்டுக்குங்க” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் ஏறுகிற நம்பிக்கை, கீழேயிருந்து ஜீப்பில் வருபவர் சொன்னால் ஏறாது. காப்பி, டீயோடு விழுங்கினால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது என்பதையும், காப்பி விளைகிற மலையில், மனம் கோணாமல் அவளால்தான் சொல்ல முடியும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் நலக்கல்விப் படிப்பு வேண்டும். மலையில் அவள் ஆஷாவாக இருப்பாள், அங்கன்வாடிப் பணியாளராக இருப்பாள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலராகவும் இருக்கலாம். பிளஸ் டூ முடித்திருப்பாள். காட்டு வேலையையும் பிள்ளைகளையும் விட்டு நாமக்கல்லிலோ சேலத்திலோ விடுதியில் தங்க அவளால் முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சத்துணவு - நலக்கல்விப் பட்டயத்தை வகுத்தது இப்படிப்பட்டவர்களையும் மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ போதும், குறைந்தபட்சம் ஓராண்டு. சமூகச் சத்துணவு, பொது சுகாதாரம், கற்பிக்கும் முறை ஆகிய பாடங்களோடு செயல்திட்டமும் உண்டு. அந்தச் செயல்திட்டம்தான் படிப்பின் உயிர்.

அந்த உயிரைத்தான் நாம் காப்பாற்றத் தவறுகிறோம். தொலைநிலைக் கல்வியில் வழக்கமான கணக்கு, ஒப்படைப்புக்கு 30, தேர்வுக்கு 70. ஒப்படைப்புக்குத் தயார் விடைகள் கடையில் விற்கின்றன. செயல்திட்டமும் விலைக்குக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்கு 70 வளைவுகள் இறங்கி, பேருந்து மாறி வந்துசேரும் பெண்ணுக்கு அங்கே கிடைப்பது பாடப்புத்தகத்தின் உரத்த வாசிப்பு. இப்படியே போனால் அடுத்த தடை நலக்கல்வியின் மீதும் விழும். அப்போது வாதாட நம் கையில் எதுவும் இருக்காது.

வழி இல்லாமலில்லை. செவிலியர்களுக்கான சமுதாய நலச் சான்றிதழை இதே பல்கலைக்கழகம் நடத்தியபோது மாவட்ட மருத்துவமனைகள் படிப்பு மையங்களாயின; ஏட்டுப் பாடத்தோடு செய்முறையும் நடந்தது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே, சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பழங்குடி நல முயற்சி, உள்ளூர் மலைவாசிப் பெண்களையே நலப்பணியாளர்களாக வளர்த்தெடுத்தது. அங்கே பாடம் அந்தப் பெண்கள் இருந்த இடத்துக்கே போனது.

கொல்லிமலையில் செம்மேடு அரசு மருத்துவமனையைப் படிப்பு மையமாக்கலாம். மதிப்பெண்ணில் பாதியாவது ஊர்ப் பணிக்குப் போக வேண்டும். படிக்கும் பெண் பார்த்துவந்த வீடுகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் நேரில் போய், அங்குள்ளவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு மதிப்பிடட்டும். தேர்வில் ஒரு பகுதி வாய்மொழியாக, தமிழில் இருக்கட்டும். பேசத் தெரிகிறதா என்பதை எழுத வைத்துச் சோதிக்க முடியாது. அலைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும் ஊர்களுக்கு நேரலை வகுப்பு உதவாது. சேமித்து வைத்துக் கேட்கும் ஒலிப்பாடம் உதவும். இதற்கான கையேட்டை எழுத 1964 முதல் நலப்பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனத்தைவிடத் தகுதியானவர் யார்?

இவ்விதழைப் படிக்கும் பயிற்றுநர்களிடமும் வட்டார சுகாதாரப் பணியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வட்டாரத்தில் இப்படிப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தால், அவளுடைய செயல்திட்டத்துக்கு நீங்கள் வழிகாட்டியாக இருக்க முன்வாருங்கள். அவள் பேசும் வீட்டுக்கு ஒருநாள் கூடப் போய் உட்கார்ந்து, கேட்டுவிட்டு, அதன்பிறகு கையெழுத்திடுங்கள்.